சம்பளம் சாரின் முதல் சம்பளம்

விசையை இழுத்ததும் நாற்காலியின் முதுகு பின்னால் சாய்ந்தது. கால் வைக்கும் பலகை முன்னால் எழுந்தது. சம்பளம் சார் கண்ணை மூடிக்கொண்டார். இதுவரை எந்த ராஜாவும் இவ்வளவு சௌகரியமாக உட்கார்ந்திருக்க மாட்டான் என்று அவருக்குத் தோன்றியது. ராஜாக்களுக்குச் சிம்மாசனம் உண்டு, சரி. அதில் விசை ஏது?

"எழுந்திருடா. கடையில தூங்கிடாத," என்றாள் அக்கா.

"தூங்கலக்கா. வாழ்ந்துக்கிட்டிருக்கேன்."

பஸ் கம்பெனியில் நானூறு பேருக்குச் சம்பளம் போடுகிறவர் அவர். ஓட்டுநர், நடத்துநர், மெக்கானிக், டயர் மாற்றுகிறவர், அவர் மாற்றுவதைப் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்கிறவர் என்று எல்லாருக்கும் மாதக் கடைசியில் பணம் போய்ச் சேர்வது அவர் விரல் வழியாகத்தான். அப்பா அம்மா வைத்த பெயர் எப்போதோ உதிர்ந்துபோய், சம்பளம் சார் என்பதே நிலைத்துவிட்டது. இத்தனை பேருக்குப் படியளந்த மனிதர் தன் சம்பளத்தை மட்டும் கண்ணால் கண்டதில்லை. கல்யாணமான மாதத்திலிருந்து அது நேராக மனைவியின் கணக்குக்குப் போய்விடும். மனைவி ஆடிட்டர். அவள் ஒரு பார்வை பார்த்தால் போதும், கால்குலேட்டர் தானாகவே கூட்டிச் சொல்லிவிடும். திங்கட்கிழமை காலையில் கைச்செலவுக்கென்று ஒரு தொகையை எடுத்துக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை அது எங்கெங்கே போனது என்று விசாரணை நடக்கும். ஒரு டீயைக் கூட அவரால் ரகசியமாகக் குடிக்க முடிந்ததில்லை.

விவாகரத்தில் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. "ஒரே ஆளை இத்தனை வருஷம் தணிக்கை பண்ணி எனக்கு அலுத்துப்போச்சுங்க," என்றாள் அவள். அவருக்கும் தணிக்கைக்கு உட்பட்டு அலுத்துத்தான் போயிருந்தது. பிள்ளைகள் இல்லாததால் பிரிக்க வேண்டியிருந்தது சாமான்களை மட்டும்தான். அதை அவள் தன் தொழில் சுத்தத்தோடு செய்தாள். நாலு சாப்பாட்டு நாற்காலியில் இரண்டு அவருக்கு, மேஜை அவளுக்கு. ஒவ்வொரு ஜன்னல் திரையிலும் ஆளுக்கு ஒரு பாதி. குக்கர் அவர் பங்குக்கு வந்தது, அதன் வெயிட் வரவில்லை. சேமிப்பில் வந்த பங்கு வாடகை வீட்டின் முன்பணத்திலும், ஒரு ஃப்ரிட்ஜிலும், மேஜையிலும், திரைகளின் மீதிப் பாதியிலும் கரைந்துபோனது.

ஆனாலும் சாருக்குக் கால் தரையில் படவில்லை. இன்று சம்பள நாள். விவாகரத்துக்குப் பிறகு வருகிற முதல் சம்பளம், அவருடைய சொந்தக் கணக்குக்கு. பளபளவென்று சட்டைப்பையில் கார்டு இருந்தது. அதை ஒரு வாரமாகத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியிருந்தார்.

ஒரே ஒரு முள். அக்கா போட்ட நிபந்தனை.

"உனக்குப் பணத்தைப் பத்தி என்னடா தெரியும்? அவ விட்டா நான்தான் பார்த்துக்கணும். முதல் மாச வாடகையை உன் சொந்தக் காசுல, சொன்ன நாள்ல கட்டிக் காட்டு. முடியலைன்னா மூச்சு விடாம வீட்டைக் காலி பண்ணிட்டு எங்க வீட்டுக்கு வந்துடு. அத்தான் ரூம்ல ஒரு கட்டில் போட்டுடலாம். கார்டு என்கிட்ட இருக்கட்டும்."

அக்கா விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்ல. அத்தான் அதே கம்பெனியில் பஸ் ஓட்டுகிறார். நகரத்தின் நெரிசலையெல்லாம் ஒற்றைக் கையால் பிளந்துகொண்டு போகிற சூரர், வீட்டில் செருப்பு வாங்க அக்காவிடம் விண்ணப்பம் போட்டு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தவர். வாடகை கட்ட வேண்டியது இன்று சாயந்திரம். வீட்டுக்காரர் ஐந்து மணிக்கு வருவார். அக்கா சாட்சிக்கு வந்திருந்தாள். அத்தான் அக்காவின் பணப்பைக்குச் சாட்சியாக வந்திருந்தார்.

"முதல்ல நாற்காலிக்கு முன்பணம், அப்புறம் வாடகை. ரெண்டுக்கும் தாராளமா காணும்," என்று சொல்லிவிட்டு, சம்பளம் சார் கல்யாண மாப்பிள்ளை நடையில் போய்க் கடைக்காரரிடம் கார்டை நீட்டினார்.

கடைக்காரர் தேய்த்தார். எந்திரம் கீச்சென்றது. மறுபடி தேய்த்தார். மறுபடி கீச்சென்றது.

"பணம் இல்லைன்னு காட்டுது சார்."

"இருக்காது. காலையில நான்தான் சம்பளம் போட்டேன். நானூறு பேருக்கும் போயாச்சு."

"எனக்கு வந்திடுச்சு மாப்ள," என்றார் அத்தான். சொன்ன பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தார். "அதாவது, உங்க அக்காவுக்கு வந்திடுச்சு."

அப்போது சாரின் போன் அடித்தது. ஆடிட்டர்.

"உங்க சம்பளம் என் கணக்குக்கு வந்திருக்கு," என்றாள் அவள், வணக்கம் கூடச் சொல்லாமல், பக்கத்தில் நின்ற அக்காவுக்கும் கேட்கும்படி. "ஏன்?"

சாரின் முகத்தில் ஈயாடவில்லை. வங்கிக் கணக்கை மாற்றுகிறவர்கள் இருபதாம் தேதிக்குள் படிவத்தைச் சம்பளப் பிரிவில் கொடுத்துவிட வேண்டும். அந்த அறிவிப்பை எழுதி ஒட்டியவரே அவர்தான். தாமதமாக வருகிற நடத்துநர்களை, 'சொந்தக் கணக்கு எண்ணைக் கூடவா கவனிக்க மாட்டீங்க' என்று சன்னலே அதிரும்படி திட்டுகிறவரும் அவர்தான். தன் படிவத்தை எல்லாருக்கும் முன்னால், முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பியிருந்தார். நிரப்பி, மடித்து, சட்டைப்பையில் வைத்தார். கொடுக்க வேண்டியவரும் அவர், வாங்கிக்கொள்ள வேண்டியவரும் அவர். அதனால் கொடுத்துவிட்டது போலவும் இருந்தது, வாங்கிக்கொண்டது போலவும் இருந்தது. நடுவில் கணினியில் ஏற்றுவது என்ற ஒரே ஒரு காரியம் மட்டும் நடக்கவில்லை. அந்தச் சட்டையை அவர் வாழ்க்கையில் முதல் முறையாகத் தானே துவைத்ததும், பையிலிருந்து கெட்டியாக ஒரு காகித உருண்டை வந்ததும், 'பழைய டிக்கெட் போல' என்று அதை வீசியதும் இப்போது வரிசையாக நினைவுக்கு வந்தன.

"அப்பவே சொன்னேன்ல," என்றாள் அக்கா. அவள் குரலில் இருந்த இனிப்பை டப்பாவில் அடைத்து விற்றிருக்கலாம். "பரவாயில்ல தம்பி. வாடகையை நான் கட்டிடறேன். கார்டை இப்படிக் குடு."

"அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்குல்லக்கா?"

"இருக்கு. ஆனா அவகிட்ட போய்க் கை நீட்டி வாங்கிட்டு வந்தா அது சொந்தக் காசு இல்ல. சொல்லிட்டேன்."

சார் கடைக்காரரைப் பார்த்தார். "இந்த நாற்காலியை யாருக்கும் குடுத்துடாதீங்க. யாரையும் உட்காரவும் விடாதீங்க. சூடு ஆறாம இருக்கட்டும்." பிறகு ஓடினார்.

ஓடினார் என்றால் ஓடினார். அவர் கம்பெனி பஸ் ஒன்றை அவரே முந்தியதாக ஓட்டுநர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆபீசுக்குப் போய், தவறான கணக்குக்குப் போன சம்பளத்தைத் திரும்பப் பெறும் படிவத்தை எடுத்தார். பணம் போய்ச் சேர்ந்தவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு, நாலு மணிக்குள் வங்கியில் கொடுத்தால் அன்றைக்கே மாற்றிவிடுவார்கள். ஞாபகமறதிக்காரர்கள் எத்தனையோ பேருக்காக அதை அவர் நிரப்பியிருக்கிறார். புகார் செய்யும் ஊழியர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். தவறு செய்த எழுத்தர் என்ற இடத்திலும் போட்டார். தவறைக் கண்டறிந்த அதிகாரி என்ற இடத்தில் போடும்போது தன்னைத்தானே ஒரு முறை முறைத்துக்கொண்டார்.

ஆடிட்டரின் அலுவலகம் ஒரு மாடி ஏறினால் வரும். கோப்புகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவள் மேஜைக்கு எதிரே நின்றதும் சார் பழைய ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தில், காலையில் குடித்த டீயைக் கணக்குக் கூட்ட ஆரம்பித்தார்.

"உட்காருங்க."

"வேணாம் மேடம். கம்பெனி சார்பா வந்திருக்கேன்."

"மேடமா?" அவள் கண்ணாடியை இறக்கினாள். "எதுக்கு இந்த நாடகம்? போன்லயே அனுப்பிடறேன், ஒரு நிமிஷ வேலை. இல்லைன்னா ரொக்கமா எண்ணித் தரட்டுமா?"

அவள் இழுப்பறையைத் திறந்தாள். திங்கட்கிழமைகளில் திறந்த அதே விதமாக. வாங்கிக்கொண்டால் வேலை முடிந்தது. வாடகை கட்டலாம், அக்காவிடம் ஏதாவது பூசி மெழுகலாம். சாரின் கை தானாகவே நீளப் பார்த்தது. இத்தனை வருஷப் பழக்கம், அதற்கு விவாகரத்தான சங்கதி தெரியாது. அந்தக் கையை அவர் மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

"நீ அனுப்பினா அது கைச்செலவு," என்றார். "கம்பெனி அனுப்பினா அது சம்பளம். எனக்குச் சம்பளமா வேணும்."

அவள் இழுப்பறையை மூடிவிட்டுப் படிவத்தைக் கேட்டாள். எழுத்தெழுத்தாகப் படித்தாள். சம்பளம் சாரின் கண் சுவர்க் கடிகாரத்தைச் சுற்றி வந்தது. மூன்றரை.

"தப்பு இருக்கு."

"என்ன தப்பு?"

"ஊழியரின் விலாசம்னு என் வீட்டு விலாசத்தை எழுதியிருக்கீங்க. வங்கியில திருப்பி அனுப்பிடுவாங்க."

பார்த்தார். கை தன் பாட்டுக்கு அதைத்தான் எழுதியிருந்தது. அவள் அந்த வரியை நேர்கோடாக அடித்தாள்.

"உங்க வீட்டு விலாசம் சொல்லுங்க."

"என் வீட்டு விலாசம்..." என்று ஆரம்பித்தவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அதை இதுவரை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. கதவு எண்ணைச் சொன்னார். மாடியைச் சொன்னார். தெருவைச் சொல்லும்போது குரல் எழும்பி, பக்கத்து அறையில் இருந்த இரண்டு உதவியாளர்கள் குறித்துக்கொள்ளும் அளவுக்குக் கேட்டது. அவள் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், முத்திரையும் குத்தினாள்.

"குக்கர் வெயிட் என்கிட்ட வந்திருக்கு," என்றாள், இழுப்பறையிலிருந்து அதை எடுத்துப் படிவத்தோடு நீட்டியபடி. "பிரிச்சதுல அது ஒண்ணுதான் என் பிழை. எடுத்துட்டுப் போங்க."

ஆடிட்டர் தன் பிழை என்று ஒன்றை ஒப்புக்கொண்டதை அவர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார். சாட்சிக்கு ஆளில்லையே என்று வருந்திக்கொண்டே படியிறங்கினார்.

வங்கியின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. சம்பளம் சார் குனிந்து நுழைந்தார். குனிந்த வேகத்தில் சட்டைப்பையிலிருந்து குக்கர் வெயிட் விழுந்து, பளிங்குத் தரையில் உருண்டு, கவுன்ட்டர் வரைக்கும் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. கவுன்ட்டரில் இருந்த அம்மா அதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் படிவத்தைப் பார்த்தாள்.

"மூணு இடத்துலயும் ஒரே கையெழுத்தா இருக்கே?"

"மூணு பேரும் நான்தாம்மா. ஆனா பணம் ஒருத்தனுக்குத்தான்."

"சாயந்திரத்துக்குள்ள வரும். எப்பன்னு சொல்ல முடியாது," என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, வாங்கிய ஒரு திரையும் பங்கில் வந்த ஒரு திரையுமாக வேறு வேறு நிறத்தில் தொங்கிய கூடத்தில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அக்காவின் மடியில் பணப்பை திறந்திருந்தது. அத்தான், நாற்காலி இரண்டும் தீர்ந்துபோனதால், ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றார்.

"மணி அஞ்சு," என்றாள் அக்கா.

"அஞ்சாக இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றார் அத்தான்.

"உங்களை யாரு கேட்டா?"

அத்தான் ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே பார்க்க ஆரம்பித்தார். வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "யார் குடுத்தாலும் எனக்கு ஒண்ணுதாங்க. எனக்கு அடுத்த வீட்டுக்கும் போகணும்." அக்கா நோட்டுகளை எண்ண ஆரம்பித்தாள். சம்பளம் சார் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். அது சும்மா கிடந்தது. நானூறு பேர் மாதாமாதம் இப்படித்தான் போனையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இனி சன்னல் அதிரத் திட்டுவதில்லை என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார். அக்கா கடைசி நோட்டையும் எண்ணி, கட்டை வீட்டுக்காரர் பக்கம் நீட்டினாள்.

போன் கிணுகிணுத்தது.

சம்பளம் என்று போட்டிருந்தது. கம்பெனியின் பெயரிலிருந்து, அவர் பெயருக்கு. அந்தச் செய்தியை அவர் இரண்டு முறை படித்தார். சேர்ந்த வேகத்திலேயே வாடகையை அனுப்பினார். வீட்டுக்காரரின் போனும் கிணுகிணுத்தது.

"வந்திடுச்சுங்க," என்று எழுந்தார் வீட்டுக்காரர்.

அக்கா நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள். பணப்பையை மூடினாள். தம்பியை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவ கையால வாங்கலையே?"

"கம்பெனி கையால வாங்கினேன்."

"சரி," என்று எழுந்து சமையலறைப் பக்கம் போனாள். "கட்டிலை நான் வேற யாருக்காவது குடுத்துக்கறேன். உன் வீட்டுல டீத்தூள் எங்கடா இருக்கு?"

உன் வீடு என்றாளே, அதைக் கேட்ட சம்பளம் சார் டீத்தூள் இருக்கும் இடத்தையே மறந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி வந்து இறங்கியது. அது கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டது, மீதிப் பாதியை விசையை இழுத்தால் அடைத்துக்கொண்டது. சம்பளம் சார் உட்கார்ந்து, சாய்ந்து, யாரிடமும் கணக்குச் சொல்லாமல் ஒரு டீ குடித்தார். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. அத்தான், தனியாக.

"நாற்காலியைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன் மாப்ள."

உட்கார வைத்தார். விசையை இழுத்தார். அத்தானின் கால்கள் மேலே எழுந்தன. அந்தப் பெரிய உடம்பு ஒரு பெருமூச்சில் பாதியாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கிடந்தார். பிறகு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, சம்பளம் முழுக்க வேணாம். ஓவர்டைம் மட்டும் வேற கணக்குக்குப் போகிற மாதிரி ஏதாவது படிவம் இருக்கா?"

சம்பளம் சார் அலமாரியிலிருந்து ஒரு படிவத்தையும் பேனாவையும் எடுத்து அத்தானின் மடியில் வைத்தார்.

"இங்கயே நிரப்புங்க அத்தான். நிரப்பி என் கையில குடுத்துட்டுத்தான் எழுந்திருக்கணும். பையில மட்டும் வெச்சுக்காதீங்க."