கரையில் நின்ற பச்சை மழையங்கிக்காரன்

எம்மன்புரூக்கே என்ற வெளிநாட்டு ஊரில் தவச்செல்வனுக்கும் மனைவி குழந்தைக்கும் கிடைத்த கீழ்வீடு எம்மே ஆற்றை ஒட்டி இருந்தது. மலையிலிருந்து இறங்கிவரும் எம்மே அங்கேதான் ரொய்ஸ் என்ற பெரிய ஆற்றில் போய் விழுகிறது. வாடகை மலிவானதற்கும் அதுதான் காரணம். ஆனால் அவனுக்கு ஆறா பெரிது? அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடு இழுபறியில் கிடந்தது. கதவைத் தட்டினால் பொலிஸ், பொலிஸ் வந்தால் கொழும்பு விமானம் என்று முடிவு கட்டிவிட்டான். தபால்காரன் சிரித்தால்கூட ஏன் சிரிக்கிறான் என்று அன்று முழுக்க மண்டையைக் குடைவான்.

அதிலும் அந்தப் பச்சை மழையங்கிக்காரன்! காலையில் கரைக்கு வருவான். தண்ணீரைப் பார்ப்பான், திரும்பி இவர்கள் வீட்டைப் பார்ப்பான், வாக்கிடோக்கியில் ஏதோ சொல்லுவான்.

"அந்த மனிசன் ஆத்தையெல்லோ பாக்கிறார்," என்றாள் மனைவி இந்திரா.

"ஆறு என்ன, ஓடி ஒளிக்கப்போகுதோ? எங்களைத்தான் பாக்கிறான். சும்மா இரும்."

ஆற்றுப்பக்க யன்னல்களுக்கெல்லாம் தடித்த சீலை தொங்கவிட்டான். எண்பத்தேழாம் ஆண்டு ஓகஸ்டில் மழை விடாமல் கொட்டியபோதும் அவன் அந்தச் சீலையை விலக்கவில்லை.

ஒரு மத்தியானம் கதவு இடிபட்டது. ஓட்டையால் பார்த்தான். பச்சை மழையங்கி, பின்னால் தலைக்கவசமும் சப்பாத்துமாக இரண்டு பேர். ஊரில் ஆமி வந்தால் செய்ததையே இங்கும் செய்தான். குழந்தையைத் தூக்கி, இந்திராவை இழுத்துக்கொண்டு, குசினிப் படியால் நிலவறைக்குள் இறங்கி இரும்புக் கதவைச் சாத்தினான்.

"மூச்சு விடாதையும்," என்றபடி குழந்தையின் வாயைப் பொத்தினான்.

கதவின் கீழால் தண்ணீர் வந்தது. முதலில் குழாய் உடைந்துவிட்டதென்று நினைத்தான். கணுக்கால் நனைந்தது, பிறகு முழங்கால். மலைத்தண்ணீர், எலும்பைக் குத்தும் குளிர். கதவைத் தள்ளினான். வெளியே நின்ற தண்ணீரின் பாரத்தில் அது அசையவில்லை. மேலே சப்பாத்துகள் நடந்தன. கத்தினால் விமானம், கத்தாவிட்டால் இங்கேயே முடிவு. அப்போதும் அந்த மடையன் யோசித்துக்கொண்டு நின்றான்.

இந்திரா குழந்தையின் வாயிலிருந்து அவன் கையைப் பிடுங்கி எறிந்தாள். குழந்தை வீரிட்டது. பிறகுதான் அவனும் கதவில் குத்திக் கத்தினான்.

கதவை இடித்த அந்த மூவரும் அலவாங்கு போட்டுக் கதவைப் பெயர்த்தார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிவந்தவன் பச்சை மழையங்கிக்காரன்தான்.

மேட்டுத் தெருவில் மேல்வீட்டுக்காரர்கள் நனைந்தபடி நின்றார்கள். அவர்களுக்குள் நின்ற, டொச் மொழி தெரிந்த தமிழ்ப்பொடியன் குகதாசன் விசாரித்துவிட்டு வந்தான்.

"அண்ணை, அவர் தீயணைப்புத் தொண்டராம். ஆறு பெருகினா முதல்ல தாழுறது உங்கட வீடுதானாம். அதுதான் ஒவ்வொரு நாளும் பாக்கிறவராம். வெளியில வந்த சனத்துக்கை உங்கள் மூண்டு பேரையும் காணேல்லையெண்டு திரும்ப உள்ளுக்குப் போனவராம்."

தவச்செல்வனுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அழுகையும் வந்தது. இந்திராவின் முகத்தைப் பார்க்க முடியாமல் குழந்தையைப் பார்த்துச் சொன்னான்:

"நான் அப்பவே சொன்னனான்தானே, எங்களைத்தான் பாக்கிறார் எண்டு."