மாப்பிள்ளைக்கு ஒரு கோணல் வீடு

செங்கல்லின் ஓட்டைகளை எல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி என் வீட்டுக்காரர் நின்ற அழகைப் பார்த்திருக்க வேண்டும். மெடல் குத்திவிட ஆள் வரட்டும் என்பது போல நின்றார்.

"எந்தப் புண்ணியவான்மா இப்படி அடுக்கினான்? ஒரே கோணல். மட்டம் பார்த்துப் பூசிட்டேன்."

அந்தப் புண்ணியவான் நான்தான். உயிரியல் பூங்காவில் தவளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இவர் கொத்தனார், அங்கேயே மதில் சுவர் வேலைக்கு வந்திருந்தார். பூஞ்சை நோய் வந்து, தோல் உரிந்து, பாதித் தவளைகள் போய்விட்டன. மிச்சமிருந்ததில் ஒருவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தேன். எதைக் கொடுத்தாலும் முறைத்துவிட்டுத்தான் சாப்பிடுவான். முன்பெல்லாம் அவன் போடும் சத்தத்தில் அந்த அறையில் போன் பேச முடியாது. இப்போது வாயே திறப்பதில்லை.

அந்தப் பூஞ்சைக்குச் சூடு ஆகாது, தவளை தாங்கும். வெயில் படுகிற கண்ணாடிக் கூண்டில் ஓட்டைச் செங்கல்லை அடுக்கிவிட்டால் தவளைகள் ஓட்டைக்குள் உட்கார்ந்து குளிர் காயும் என்று பூங்காவின் டாக்டரம்மா சொல்லியிருந்தார். "இதுக்கும் கேக்கலைன்னா வேற வழி இல்ல" என்றும் சொல்லியிருந்தார். அன்றுதான் தவளைகளை அதில் விடுவதாக இருந்தது.

"அந்த ஓட்டைதாங்க அதுங்களுக்கு ஆஸ்பத்திரி! அதைப் போய் பூசி மெழுகிட்டீங்களே!"

மனுஷர் முகம் தொங்கிவிட்டது. "ஓட்டையைப் பார்த்தா அடைக்கத்தானேம்மா எனக்குத் தெரியும்" என்றார். கோபத்தில் இருந்தவள் சிரித்துவிட்டேன்.

புதுச் செங்கல் சுமந்து வந்தார். கலவை இல்லாமல் அடுக்கினார். கை தன்னால் மட்டம் பார்க்கிற ரசமட்டத்துக்குப் போகும், நான் முறைப்பேன், திரும்ப வரும். "இதுக்கு மேல கோணலா எனக்கு வராதும்மா" என்று பரிதாபமாகச் சொன்னார். மாப்பிள்ளை ஒரு ஓட்டையைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனான். போனவன் போனவன்தான். தினமும் வேலைக்கு நடுவே இவர் வந்து எட்டிப் பார்ப்பார். எனக்குப் பயமாகவே இருந்தது.

வாரங்கள் ஓடின. ஒரு நாள் காலையில் கதவைத் திறந்ததும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா சொல்றீங்க? ஒண்ணுமே கேக்கல!"

"கேட்டுருச்சு டாக்டர்! கேட்டுருச்சு!" என்று கத்தினேன். அழுகையும் வந்தது.

பக்கத்தில் இவர் கொத்துக் கரண்டியோடு ஓடிவந்து நின்றார். கோணல் செங்கல்லில் அந்த ஒரு ஓட்டை மட்டும் முழுசாக அடைபட்டிருந்தது, மாப்பிள்ளையின் ஊதிய தொண்டையால்.