மறுத்துப் பேசிய நிலா

அவளை அலுவலகத்தில் எல்லோரும் காந்தம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். விண்கலத்தில் இருந்த, காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி அவள் பொறுப்பு. யாரோ விளையாட்டாக வைத்த பெயர், அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டது. திட்டத் தலைவியே ஒருநாள் மீட்டிங்கில் வாய் தவறி அப்படி அழைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அதன் பிறகு வாய் தவறாமலே அப்படி அழைக்கத் தொடங்கினார்.

காந்தமானி பார்வைக்கு ஒன்றுமில்லை, கையில் அடங்கும் ஒரு டப்பா. விண்கலத்திலிருந்து நீண்ட கம்பு ஒன்றை நீட்டி, அதன் நுனியில் பொருத்தியிருந்தார்கள். கலத்துக்குள் ஓடும் மின்சாரமும் காந்தத்தை உண்டாக்கும் என்பதால் அப்படித் தள்ளிவைத்தார்கள். பக்கத்தில் இருந்தால் டப்பா தன் வீட்டுச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். அது அனுப்புவது மூன்றே மூன்று நெளிகோடுகள். கேமராவுக்குப் பொறுப்பாளரான படக்காரரின் அறையில் புதுப்படம் வந்தால் ஆபீஸே திரண்டு நிற்கும். காந்தம்மாவின் கோடுகளைப் பார்க்க வருகிறவர் ஜன்னல் துடைப்பவர் மட்டும்தான், அதுவும் ஜன்னல் அந்தப் பக்கம் இருப்பதால்.

விண்கலம் சுற்றிக்கொண்டிருந்தது ஒரு ராட்சதக் கோளை. அந்தக் கோளின் காந்தப்புலம் அதைவிடப் பல மடங்கு பெரிது. பல நிலாக்களைத் தனக்குள் போட்டு வைத்திருந்தது. அதில் ஒரு நிலா வெளியே முழுக்க வெள்ளைப் பனி. "உள்ளயும் வெளியயும் ஒரே ஐஸ் கட்டிங்க. செத்துப்போன நிலா" என்று காந்தம்மா வருடக்கணக்காகச் சொல்லிவந்தாள். மாற்றிப் பேசியவர்களை மேசையைத் தட்டித் தட்டியே உட்கார வைத்திருக்கிறாள்.

முதல் தடவை விண்கலம் அந்த நிலாவை ஒட்டிப் போனபோதுதான் வந்தது வினை. மூன்று கோடுகளும் நிலாவுக்குப் பக்கத்தில் வளைந்திருந்தன. செத்த நிலா எதற்குக் கோட்டை வளைக்கும்? காந்தம்மாவுக்கு முதலில் வந்தது கோபம். நேராகக் கலத்தின் மின் பொறியாளரிடம் போனாள்.

"ஹீட்டர் ஏதாவது போட்டீங்களா?"

"ஒரு சுவிட்சக்கூடத் தொடல மேடம். சத்தியமா."

சத்தியத்தை நம்பாமல் இருவரும் உட்கார்ந்து, அந்த நேரத்தில் கலத்துக்குள் ஓடிய மின்சாரத்தை ஒவ்வொன்றாகச் சலித்தெடுத்தார்கள். பழி போட ஆள் கிடைக்கவில்லை. வளைத்தது நிலாதான்.

அன்று சாயங்காலம் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்த கணவனிடம் புலம்பினாள். அவர் பஸ் ஓட்டுநர். எதையும் தெருவில் வைத்து விளங்கிக்கொள்கிற மனிதர்.

"ரெண்டு வாய்ப்புதாங்க இருக்கு. ஒண்ணு, நிலாவுக்குள்ள சொந்தமா ஒரு காந்தம் இருக்கணும். இல்லன்னா, ஐஸுக்கு அடியில உப்புத்தண்ணி இருக்கணும்."

"தண்ணிக்கும் காந்தத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"உப்புத்தண்ணியில மின்சாரம் ஓடும். அந்தக் கோளோட காந்தம் கொஞ்சம் சாஞ்சு இருக்கு. கோள் சுத்தச் சுத்த, நிலா மேல படுற காந்தம் ஒரு தடவ இந்தப் பக்கம் இழுக்கும், ஒரு தடவ அந்தப் பக்கம் இழுக்கும். உள்ள கடல் இருந்தா, அதுல மின்சாரம் ஓடி, இழுக்குறதுக்கு நேரெதிரா ஒரு காந்தத்தக் கிளப்பும். இது இந்தப் பக்கம்னா அது அந்தப் பக்கம். இது மாறினா அதுவும் மாறும்."

கணவன் கத்தியைக் கீழே வைத்தார். "எங்க அக்கா மாதிரின்னு சொல்லு."

காந்தம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுடைய நாத்தனார் அப்படித்தான். மழை வரும் என்றால் வராது என்பார், சரி வராது என்றால் குடையை எடு என்பார்.

"அப்போ சொந்தக் காந்தம்னா?"

"அது எங்கப்பா மாதிரி. எதிர்ல யார் என்ன சொன்னாலும் ஒரே பேச்சு."

"அப்புறம் என்ன? எதிர்க் கட்சியில நின்னு இன்னொரு தடவ கேட்டுப் பாரு. மாத்திப் பேசுனா அக்கா, பேசலன்னா மாமனாரு."

சுலபமாகச் சொல்லிவிட்டார். எரிபொருள் கணக்குப்படி அந்த நிலாவை ஒட்டி இன்னும் ஒரே ஒரு தடவைதான் போக முடியும். அந்தத் தடவை ஏற்கெனவே படக்காரருக்கு எழுதி வைத்தது. நிலாவின் பனியில் நீளமாக ஒரு வெடிப்பு ஓடுவதை முதல் தடவை அவர்தான் கண்டுபிடித்தார். இந்தத் தடவை வெயில் படும்போது அதை நெருங்கிப் படமெடுக்க ஆசையாகக் காத்திருந்தார். கோளின் காந்தம் எதிர்ப்பக்கம் இழுக்கும் நேரத்துக்குப் போவதென்றால் பயணத்தைச் சில மணி நேரம் தள்ளவேண்டும். தள்ளினால் விண்கலம் நிலாவின் இருட்டுப் பக்கத்தைத்தான் கடக்கும். கேமராவுக்கு ஒன்றும் தெரியாது.

திட்டத் தலைவி இருவர் முகத்தையும் பார்த்தார். "நான் தீர்ப்பு சொன்னா ஒருத்தர் என்கூடப் பேசமாட்டீங்க. நீங்களே பேசி முடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

மாடிப்படியில் வைத்துப் பேசினார்கள். படக்காரர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, கையில் டீயோடு, எங்கோ பார்த்தபடி நின்றார்.

"போய்ப் பார்த்து, ஒண்ணும் இல்லன்னா?"

"இல்லன்னா இல்லதான். உங்க படமும் போச்சு, என் மானமும் போச்சு."

"நீங்க இவ்வளவு நாளா அது செத்த நிலான்னுதானே சொல்லிட்டிருந்தீங்க? இந்தத் தடவ போனா உங்க வார்த்தை நிக்கும்னு பார்க்குறீங்களா?"

காந்தம்மா இல்லையென்று தலையாட்டினாள். "இல்ல சார். நான் தோக்குறதுக்குத்தான் உங்கக்கிட்ட கேக்குறேன். முதல் தடவ வந்த கோட்டப் பார்த்ததுலேர்ந்து எனக்குத் தூக்கம் வரல. என் வாயால அது செத்துப்போச்சுன்னு சொன்னேன். அது உயிரோட பதில் சொல்லியிருந்தா, நான் காது குடுக்காம விட்டவளாயிடுவேன்."

படக்காரர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "சரி, எடுத்துக்கோங்க" என்றார். இரண்டு படி இறங்கியவர் திரும்பி, "ஆனா கோடு வரும்போது நானும் அங்க உட்காருவேன்" என்றார்.

சொன்னபடியே காலையிலேயே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மின் பொறியாளர் கதவோரம் நின்றார். திட்டத் தலைவியும் வந்தார். காந்தம்மாவின் அறைக்கு இவ்வளவு பேர் வந்தது அதுதான் முதல் தடவை. நிலாவைக் கடந்தது எப்போதோ முடிந்துவிட்டது. செய்திதான் அவ்வளவு தூரம் நடந்து வரவேண்டியிருந்தது.

முதலில் படம் வந்தது. முழுக் கறுப்பு. படக்காரர் பெருமூச்சு விட்டார்.

பிறகு கோடுகள் வந்தன. திரையின் இடப்பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல ஊர்ந்தன. கோளின் காந்தம், எதிர்பார்த்தபடியே, போன தடவைக்கு மறுபக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. நிலா நெருங்கியது. போன தடவை மேலே வளைந்த சிவப்புக் கோடு ஒரு நிமிடம் தயங்குவதுபோல் ஓடி, கீழே வளையத் தொடங்கியது. வளைந்துகொண்டே போனது. போன தடவை வந்த கோட்டைக் கண்ணாடியில் கவிழ்த்துப் பிடித்தமாதிரி, அடிவரை போய், நிலாவைத் தாண்டியதும் அமைதியாக மேலேறி வந்தது.

காந்தம்மாவின் கை வாயைப் பொத்தியிருந்தது. எப்போது பொத்தியது என்று அவளுக்குத் தெரியாது.

"மாறிடுச்சா?" படக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"மாறிடுச்சு."

"அப்படின்னா..."

"கடல் சார்."

ஒருவரும் கை தட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை. படக்காரர் பக்கத்துத் திரையிலிருந்த தன் கறுப்புப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு அடியிலயா?" என்றார். சூரியன் ஒருநாளும் எட்டிப் பார்க்காத கடல். அலைமேல் காற்று பட்டதில்லை, கரை என்று ஒன்று கிடையாது. மேலே பாறைபோல் பனி மூடியிருக்க, ராட்சதக் கோள் ஒவ்வொரு சுற்றிலும் காந்தத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்ட, அந்தக் கடல் ஒவ்வொரு தடவையும் சளைக்காமல் மறுத்துச் சொல்லியிருக்கிறது. பூமியில் முதல் மனிதன் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே சொல்லிவந்திருக்கலாம். கேட்க ஆளில்லை என்று அது நிறுத்தவில்லை.

திட்டத் தலைவி அவள் தோளில் கைவைத்தார். "கீழ எல்லாரும் கூடியிருக்காங்க. நீங்கதான் சொல்லணும்."

காந்தம்மா கூட்டத்தின் முன் நின்று, "நான் இவ்வளவு நாளா உங்கக்கிட்ட சொன்னது தப்பு" என்று தொடங்கினாள். அதோடு படக்காரரை முன்னால் வரச்சொல்லிக் கைகாட்டினாள். மேசையைத் தட்டித் தட்டிப் பேசியவளா என்று எல்லோரும் பார்த்தார்கள். மீதியைப் படக்காரர் சொன்னார். தன் கறுப்புப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் காட்டி, தான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான் என்றார்.

கூட்டம் கலைந்ததும் அவள் கணவனுக்குப் போன் செய்தாள். பஸ் நிலையத்து இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

"என்னாச்சு? அக்காவா, மாமனாரா?"

"உங்க அக்காதாங்க."

"எவ்வளவு பெரிய கடல்?"

"இன்னும் சரியாத் தெரியாது. நம்ம கடல் எல்லாத்தையும் ஒண்ணா ஊத்துனாலும் அதவிடப் பெருசா இருக்கலாம்."

பின்னால் யாரோ, "என்னப்பா, வண்டி எடுக்கலையா?" என்று சத்தம் போட்டார்கள்.

"எடுக்குறேன், எடுக்குறேன்" என்று அவர் அங்கே சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி இவளிடம் கேட்டார்: "இன்னொரு தடவ சொல்லு."