பெயருக்கு ஒரு கட்டம் போதும்

விமான டிக்கெட் பதியும் இணையதளம் ஒன்றைப் புதிதாக வடிவமைத்து முடித்த சந்தோஷத்தில் சுஜிதா ரோச், தூத்துக்குடி மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தைப் பிரித்தாள். தளம் அன்று காலையில்தான் மக்கள் பார்வைக்கு வந்திருந்தது. முகப்பில் ஒரு முத்துச்சிப்பி; தொட்டால் வாய் திறக்கும். அந்தச் சிப்பிக்காகப் பல நாள் தூக்கம் கெட்டவள், கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளட்டுமே!

அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பானுப்ரியா ஓடி வந்தாள்.

“ஏளா சுஜி! அவிய கப்பல் வெள்ளிக்கிழமை மும்பைக்கு வருதாம். ரெண்டு நாள்தான் நிக்குமாம். பிளேன்ல போய்ப் பாத்துட்டு வந்துரட்டா?”

பொங்கல் முடிந்து சரக்குக் கப்பல் ஏறிய கணவன் முத்துக்குமரனைப் பானுப்ரியா அதற்குப் பிறகு செல்போனில்தான் பார்த்திருக்கிறாள்.

“போய்ட்டு வாங்கக்கா! நான் செஞ்ச வெப்சைட்டுதான். நீங்களே புக் பண்ணுங்க.”

சிப்பி வாய் திறந்ததும் பானுப்ரியா கைதட்டினாள். ஊர், தேதி எல்லாம் மளமளவென்று போயின. வெள்ளிக்கிழமை விமானத்தில் சில இடங்களே மீதி இருந்தன. பிறகு சிவப்பு நட்சத்திரத்தோடு அந்தக் கட்டம் வந்தது: ‘குடும்பப் பெயர்’.

“அப்படின்னா என்னளா? அப்பா பேரா, அவிய பேரா?”

ஆதார் அட்டையில் வெறும் பானுப்ரியாதான். கட்டத்தைக் காலியாக விட்டாள், சிவந்தது. இனிஷியலைப் போட்டாள், ‘சரியான பெயரை எழுதவும்’ என்று அதட்டியது.

“சாதியைக் கேக்கோ? எங்கப்பா என்னையப் பள்ளிக்கூடத்துல சேக்கும்போதே அது வேண்டாம்னு சொன்னவிய. நான் போட மாட்டேன்.”

“உங்க பேரையே ரெண்டு தடவை போடுங்கக்கா.”

“ஏர்போர்ட்ல பேரு மாறியிருக்குன்னு நிப்பாட்டிட்டா?”

பேசிக்கொண்டிருக்கும்போதே ‘நேரம் முடிந்தது’ என்று பக்கம் மூடிக்கொண்டது. திறந்து பார்த்தால், ஒரே ஒரு இடம்தான் மீதி.

“எனக்குத்தான் ஒண்ணும் தெரியல,” என்று பானுப்ரியா போனை மேசையில் வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

சுஜிதாவுக்குச் சுருக்கென்றது. ரோச் என்ற பெயர் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே இருந்தது. அதனால் அந்தக் கட்டத்தில் அவள் ஒருநாளும் தடுக்கி விழுந்ததில்லை. ஊரில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

உடனே கூட வேலை பார்க்கும் ஜோன்ஸைப் போனில் பிடித்தாள்.

“உலகம் பூரா அப்படித்தான கேக்காங்க? ஜனங்க கத்துக்கிடட்டும்,” என்றான் அவன்.

“உலகத்துல தூத்துக்குடி இல்லையாலே? பேருக்கு ஒரே கட்டம் வை. விமானக் கம்பெனிக்கு எப்படி அனுப்பணுமோ, அதை நம்ம புரோகிராம் பாத்துக்கிடட்டும். நேரத்தையும் கூட்டு. அந்தச் சிப்பியை எடுத்துரு, அது வாய் திறக்கதுக்கே நேரம் போவுது.”

“சிப்பியையுமா? நீ அழுதுருவியே!”

“அழுதுக்கிடுதேன். நீ எடு!”

ஜோன்ஸ் வேலையை முடிப்பதற்குள் பானுப்ரியா பதற்றத்தில் பாதி மக்ரூனைத் தின்று தீர்த்திருந்தாள். புதிய பக்கம் வந்தது. ‘அடையாள அட்டையில் உள்ளபடி உங்கள் பெயர்’ என்று ஒரே கட்டம். நல்ல வேளை, அந்தக் கடைசி இடம் அப்படியே இருந்தது. அமுக்கினாள். டிக்கெட் வந்துவிட்டது!

சுஜிதாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தவள், அப்படியே கணவனுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். “ஏங்க, டிக்கெட் கிடைச்சிட்டு! வெறும் பானுப்ரியாவாவே வாரேன்!”

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “ஒருவழியா நானும் கத்துக்கிட்டேன்ளா.”

“கத்துக்கிட்டது நாங்கதான்க்கா,” என்றாள் சுஜிதா. “வாசலைக் குட்டையா வச்சுட்டு, தலை இடிச்சவங்களைக் குத்தம் சொல்லக் கூடாது. வாசல் நிலையை உசத்தி வைக்கணும்.”