ரம்யா கழற்றிய ஒயர்

அரவிந்த்குமாருக்குப் பார்வை குறைவு. எழுத்தைப் பெரிதாக்கினால் வாசிப்பான். சின்ன எழுத்தென்றால் மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிய வேண்டும். படங்களின் அடியில் ஓடும் தமிழ் வரிகளில் பிழை திருத்தும் வேலைக்குச் சென்னை நிறுவனம் ஒன்று அவனைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. அதற்காகவே அவன் மனைவி ரம்யா புதுக்கோட்டையில் ஒரு பெரிய மானிட்டர் வாங்கி, டவுன் பஸ்ஸில் மடியிலேயே வைத்துத் திருக்கோகர்ணத்துக்குக் கொண்டுவந்திருந்தாள்.

தேர்வன்று காலையில் லேப்டாப்பையும் மானிட்டரையும் ஒயரால் இணைத்தார்கள். 'நோ சிக்னல்' என்று ஒரு வரி மிதந்தது. பிறகு திரை இருண்டுவிட்டது.

ரம்யா ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினாள். லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். அதே இருட்டு.

"விடு ரம்யா. குனிஞ்சே எழுதிடுறேன்" என்றான் அரவிந்த்குமார். குரல் இறங்கியிருந்தது.

"சும்மா இருங்க." அவள் கடைக்காரர் ரெங்கராஜுக்குப் போன் போட்டாள்.

"எந்த ஒயரும்மா மாட்டிருக்கீங்க?"

"போனுக்கு சார்ஜ் போடுற மாரி சின்னதா இருக்கே, அதுண்ணே."

"சில லேப்டாப்புல அந்த ஓட்டை வழியா படம் போகாதும்மா. சார்ஜ் மட்டும் ஏறும். பக்கத்துல அகலமா ஒரு ஓட்டை இருக்கும் பாருங்க, எச்டிஎம்ஐ. அதுக்கு வேற ஒயரு. கடைக்கு வாங்க, தாரேன்."

கடைக்குப் போய்வர நேரமில்லை. ரம்யா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கூடத்தில் மாமியார் மீனம்மாள் சீரியலில் மூழ்கியிருந்தார். டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் நடுவே தொங்கியது அதே அகல முனை ஒயர்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க." கழற்றிவிட்டாள்.

"ஏத்தா! இப்பத்தான சீரியல்ல அவ தாலியக் கழட்டப் போனா!"

"உங்க மகனுக்குத்தான் அத்தை."

மீனம்மாள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார். ஒயரை மாட்டியும் திரை அசையவில்லை. ரம்யா மானிட்டரின் அடியில் தடவி ஒரு பொத்தானை அழுத்தினாள். எந்த வழியில் படம் வர வேண்டும் என்று திரை கேட்டது. பழைய ஓட்டையே தேர்வாகி இருந்தது. எச்டிஎம்ஐ-க்கு மாற்றினாள்.

திரை பளிச்சென்று விழித்தது.

"வந்துருச்சுங்க!" ரம்யா கணவனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் எழுத்தைப் பெரிதாக்கி, முதுகை நாற்காலியில் சாய்த்து, அப்படியே வாசித்தான். சிரிப்பு தானாக வந்தது.

சற்று நேரத்தில் சென்னையிலிருந்து அறிவுமதி என்ற அதிகாரி வீடியோவில் வந்து, பிழை திருத்த ஒரு பக்கம் அனுப்பினார். அரவிந்த்குமார் வேகமாகத் திருத்திக்கொண்டு போனான். ஒரு வரியில் நின்று வாய்விட்டுச் சிரித்தான்.

"என்னங்க ஆச்சு?" என்றார் அறிவுமதி.

"குழந்தை அழுகுது, பல் கொடுன்னு இருக்குங்க. பாலுக்குத் துணைக்கால் விட்டுப் போச்சு."

அறிவுமதியும் சிரித்துவிட்டார். "நாங்க மூணு பேர் பார்த்தும் தப்பிச்ச பிழைங்க அது. திங்கக்கிழமை சேர்ந்துக்கிறீங்களா?"

ரம்யா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகனுக்கு வேலை கிடைத்தது மீனம்மாளுக்கும் புரிந்தது. பொக்கை வாயைத் திறந்து மகன் காதருகே குனிந்தார்.

"பல்லு குடுக்குறாங்கன்னா எனக்கும் ரெண்டு கேளுடா."