குப்புற வெந்த வான்கோழி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அமெரிக்காவில், டொலிடோ என்ற ஊரில் ஒரு கடை. வீடுதோறும் வான்கோழி சமைக்கும் நன்றிநாள் விருந்துக்கு முந்தைய நாள். உறைபெட்டி முன்னால் ஒருத்தி வான்கோழியைத் தூக்கினாள், வைத்தாள், மறுபடி தூக்கினாள். பின்னால் நின்றவன் சிரித்தான். அவனைக் கதையில் சேர்க்கவில்லை. அதுதான் அவனுக்குத் தண்டனை. அவளுக்கு டீலியா என்று பெயர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘பனி மெல்லப் பொழிந்துகொண்டிருந்த அந்த...’

வேண்டாம். இந்த ஊரில் பனிக்கு வேறு வேலை இல்லை.

இரண்டாவது: விருந்து எப்போதும் டீலியாவின் அக்கா வெர்னா வீட்டில்தான். யார் என்ன சமைத்து வரவேண்டும் என்பதையும் அவளே சொல்வாள். ஒருவருக்கு மசித்த உருளைக்கிழங்கு, ஒருவருக்குச் சோள ரொட்டி. டீலியாவுக்கு மட்டும் குளிர்பானத்தில் போட கடையில் வாங்கும் ஐஸ் மூட்டை. ஐஸை யாராலும் கெடுக்க முடியாது அல்லவா?

இந்த வருடம் டீலியா, “விருந்து என் வீட்லதான்” என்றாள்.

“நாலு வருஷம் காலேஜ்ல வான்கோழியா படிச்ச?” என்றாள் வெர்னா. “பண்ணு, பண்ணு. சொதப்பினா, சாகுற வரைக்கும் உனக்கு ஐஸ்தான்.”

(இந்த இடத்தில் ஓர் அம்மா வந்து பக்குவம் சொல்லித்தருவாள் என்று காத்திருப்பவர்கள் மன்னிக்கவும். நான் யாரையும் அழைக்கவில்லை.)

3

வாங்கியது பறவை இல்லை, கருங்கல். இளகுவதற்கு மூன்று நாள் வேண்டும் என்று உறையிலேயே போட்டிருந்தது. வீட்டுக்கு வந்துதான் படித்தாள். குளியல் தொட்டியில் பச்சைத் தண்ணீர் நிரப்பி அதை அமுக்கிவைத்தாள். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தாள். அன்று அவள் குளிக்கவில்லை.*

மறுநாள் அதன் வயிற்றுக்குள் கைவிட்டு, கடைக்காரர்கள் உள்ளே திணித்துவைக்கும் ஈரல் பொட்டலத்தை உருவினாள். புதிதாகச் சமைப்பவர்கள் மறப்பது அதைத்தான். அவளும் மறக்கவேண்டும் என்பது என் திட்டம். சொல்பேச்சுக் கேட்கவில்லை. வெண்ணெய் பூசி ஓவனுக்குள் தள்ளினாள். குப்புற. முதுகு மேலே, நெஞ்சு கீழே; ஊரெல்லாம் வைப்பதற்கு நேர்மாறாக. இது என் யோசனை இல்லை, சத்தியமாக.

* இந்த வரியை வெட்டச் சொன்னார்கள். மாட்டேன்.

4

வெர்னா வந்ததும் வாசலிலேயே, “எதுக்கும் இருக்கட்டும்னு வண்டியில பன்னித்தொடை ஒண்ணு வெச்சிருக்கேன்” என்றாள்.

டீலியா பல்லைக் கடித்தாள். நானும்.

அறுக்க உட்கார்ந்த ஆர்வில் சித்தப்பா கத்தியை நிறுத்தினார். “ஏம்மா, இதுக்கு நெஞ்சு எங்க?”

“திருப்புங்க சித்தப்பா.”

திருப்பினார். பொன்னிறமாக மின்னவேண்டிய தோல் பாதி தட்டோடு ஒட்டிக்கொண்டு, மீதி வெளுத்துக் கிடந்தது.

“காய்ச்சல்ல படுத்த மாதிரி இருக்கு. வண்டிச் சாவி எங்கடி?” என்று சிரித்துக்கொண்டே வெர்னா ஒரு துண்டை வாயில் போட்டாள்.

மென்றாள். அவள் வீட்டு வான்கோழி கிரேவி இல்லாமல் தொண்டையில் இறங்காது. அந்தப் பழக்கத்தில் கை கிரேவிக் கிண்ணத்துக்குப் போனது. பாதி வழியில் நின்றது. முதுகுக் கொழுப்பெல்லாம் உருகி நெஞ்சுக்கறியில் இறங்கி அதை மெத்தென்று ஆக்கியிருந்தது.

5

முடிவு அ: வெர்னா கண்கலங்கித் தங்கையைக் கட்டி... (கிழித்தாயிற்று. எனக்கு வெர்னாவைத் தெரியும்.)

முடிவு ஆ: வெர்னா கேட்கிறாள், “ஏண்டி, வேணும்னேதான் கவுத்துப் போட்டியா?”

மேசையே டீலியாவைப் பார்க்கிறது. ‘ஆமாம்’ என்றால் அடுத்த வருட விருந்தும் அவளுக்கே. ‘இல்லை’ என்றால் ஏதோ குருட்டு அதிர்ஷ்டம், மறுபடி ஐஸ்.

என்னைக் கேட்டால் பொய் சொல்லச் சொல்வேன். அதனால்தான் நான் விலகிக்கொள்கிறேன். பதிலை நீங்கள் எழுதுங்கள். அவசரமில்லை. வெர்னா மூன்றாவது துண்டை எடுத்துவிட்டாள்.