ஆறாம் ஆள்

பிரதாபனுக்குப் பந்தல் முதலாளி சங்கிலியின் வேலைமுறை முதல் நாளே பிடிக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதில் பந்தல் பிரிக்க வந்த மனுசனைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எண் சொல்லச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

விசுவமடுவில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்திய வீட்டுக் கொண்டாட்டம் முடிந்து விருந்தினர் கலைந்திருந்தார்கள். பின்னேர மழை கறுத்துக்கொண்டு வந்தது. கூரைச் சீலையை இறக்கியாயிற்று. இனி இரும்புக் குழாய்களைச் சாய்க்க வேண்டும். ஆளுக்கொரு குழாயைப் பிடித்தபடி வரிசையாக எண் சொல்ல வேண்டும். கடைசி எண் வரும்வரை ஒருவரும் அசையக்கூடாது. அது முதலாளி சங்கிலி போட்ட சட்டம்.

"நீர் ஆறு," என்றார் சங்கிலி.

பிரதாபன் சுற்றிப் பார்த்தான். குழாய் பிடிக்கத் தன்னோடு சேர்த்தே ஐந்து பேர்தான்.

"அப்ப அஞ்சு ஆர்?"

சங்கிலி திரும்பி நடந்தார். பக்கத்துக் குழாயைப் பிடித்திருந்த சிறாஜ்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அது அஜந்தன்ர எண், அண்ணை. போன வருசம் மாங்குளத்தில குழாய் கரண்ட் கம்பியில பட்டுச் செத்துப்போனான். அவன் அஞ்சு சொல்ல முதலே முதலாளி சாய்க்கச் சொல்லிப்போட்டார்."

"செத்தவன்ர எண்ணை விட்டிட்டு எண்ணுறியளோ?"

"விடேல்லை. பொறுத்துக் கேளுங்கோ."

ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு என்று குரல்கள் வந்தன. பிறகு, ஒருவருமே இல்லாத பந்தல் நடுவிலிருந்து, "அஞ்சு."

பிரதாபன் குரல் வந்த பக்கம் திரும்பினான். மற்றவர்கள் தலைகூடத் திருப்பவில்லை. அவன் ஆறு என்று முனகியதும் முதல் வரிசைக் குழாய்கள் இறங்கின.

இரண்டாம் வரிசைக்குப் போனார்கள். நாலு வரைக்கும் வந்தது. பிறகு சத்தமே இல்லை. தூறல் விழத் தொடங்கிவிட்டது. "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள், கெதியாப் பிரியுங்கோ!" என்று வீட்டுக்காரர் கத்தினார். பிரதாபனின் தோள் விண்விண் என்று வலித்தது. முதலில் கேட்டது வெறும் பிரமை என்று நினைத்து மனம் ஆறியவன், ஆறு சொல்ல வாயைத் திறந்தான்.

"சொல்லாதை!"

சங்கிலி பேயறைந்த முகத்தோடு ஓடிவந்து, ஒவ்வொரு குழாயாக அண்ணாந்து பார்த்தார். பிரதாபனின் குழாயடியில் நின்றுவிட்டார். மாமர இலைகளுக்குள் கரண்ட் கம்பி ஓடியது. குழாய் நுனிக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. அவன் சாய்க்க இருந்ததும் அந்தப் பக்கம்தான்.

மெல்ல மெல்ல, எதிர்ப்பக்கமாக அதை இறக்கினார்கள். பிரதாபனுக்குத் தன் இரண்டு பெண்பிள்ளைகளின் முகமும் வந்து போனது. எஞ்சிய குழாய்களைப் பிடித்துத் திரும்பவும் எண்ணினார்கள்.

நாலு.

"அஞ்சு."

இம்முறை அது பிரதாபனின் இடது தோளுக்குப் பக்கத்திலேயே கேட்டது, பாரம் தூக்கிக் களைத்தவனின் மூச்சோடு. சங்கிலி அழுதார். அதை மறைக்கவும் இல்லை.

பிரதாபன் இடப்பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் விட்டுத் தள்ளி நின்றான். பிறகு, "ஆறு," என்றான்.